"பயணிகளின் கனிவான கவனத்திற்கு": ஆட்டிசம் உள்ள பிள்ளைகளோடு எங்கள் அனுபவங்கள்

ஆசிரியை, கொருக்குப்பேட்டை

மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன் ஒருவன் திடீர் திடீரென்று "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பான். ரயில் நிலைய அறிவிப்பின் அதே இழுப்பு, அதே நிறுத்தம். பிள்ளைகள் சிரிப்பார்கள், பட்டப்பெயர் கூட வைத்துவிட்டார்கள். எந்தெந்த நேரத்தில் சொல்கிறான் என்று நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். எல்லாரும் சேர்ந்து கத்தி வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது. சத்துணவுத் தட்டுகள் ஒன்றோடொன்று மோதும்போது. கேட் பக்கம் சரக்கு ரயில் ஹாரன் அடித்துக்கொண்டே போகும்போது.

அவன் அம்மாவிடம் கேட்டேன். "ஆயா வீட்டுக்குக் கும்மிடிப்பூண்டி வண்டியிலதான் போவோம் டீச்சர். அந்த அறிவிப்பு வந்தா கிளம்பிடலாம்னு அவனுக்குத் தெரியும்" என்றார். அப்போதுதான் பிடிபட்டது. சத்தம் தாங்கவில்லை, வெளியே போகணும் என்று பிள்ளை இத்தனை நாளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்வதற்கு எக்கோலாலியா என்று பெயர். ஆட்டிசம், அதாவது மூளை வளரும் விதம் வேறாக இருப்பதால் பேச்சும் பழகும் விதமும் மாறுபடுகிற நிலை, உள்ள குழந்தைகள் பலரிடம் இதைப் பார்க்கலாம். அதை உளறல் என்று அதட்டி நிறுத்தினால், அவனிடம் இருக்கிற பேச்சையே பிடுங்கிக்கொள்கிறோம். அன்றிலிருந்து அவன் அதைச் சொன்னால் தாழ்வாரத்தில் கொஞ்ச நேரம் நிற்கலாம், தானாக உள்ளே வரலாம் என்று வைத்தோம். கையைக் கடித்துக்கொள்வது வெகுவாகக் குறைந்தது. முழுசாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஒரு மழைக்காலத்தில் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறி, வகுப்பை மாடிக்கு மாற்றினார்கள். பாதிப் படியில் படுத்துக்கொண்டு அலறினான். "அடம், ரெண்டு போட்டா சரியாயிடும்" என்று ஒருவர் சொன்னார். எனக்கு மனசு பதறிவிட்டது. அது அடமே கிடையாது. அவன் பெஞ்சு, ஜன்னல், சுவரில் ஒட்டியிருந்த படம் எல்லாம் ஒரே காலையில் காணாமல் போனால் அவனுக்கு உலகமே இடம் மாறின மாதிரி. மறுபடி இடம் மாற்ற வேண்டி வந்தபோது, புது அறையை முதல் நாளே போனில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன். ராத்திரி காட்டிப் பேசி வைத்திருந்தார். காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டான்.

ஒரு அம்மா, எர்ணாவூர்

என் பொண்ணு கதை வேற டீச்சர். அவ கத்த மாட்டா, ஓட மாட்டா. ஓரமா உக்காந்து பென்சிலை வரிசையா அடுக்குவா. அதனாலயே யாரும் கவனிக்கல. "சாதுவான பொண்ணு"ன்னாங்க. பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டாளேன்னு நான்தான் பயந்து கூட்டிட்டுப் போனேன். முதல்ல காது டெஸ்ட், அதுல ஒண்ணும் இல்ல. அப்புறம் அரசு ஆஸ்பத்திரியில ஆட்டிசம் எவ்வளவு இருக்குன்னு அளக்குற, 40 கேள்வி கொண்ட ஐசா (ISAA) மதிப்பீடு செஞ்சு மாற்றுத்திறனாளி சான்றிதழ் கொடுத்தாங்க. செல்போன் கொடுத்ததால வந்துச்சு, ஊசி போட்டதால வந்துச்சுன்னு சொந்தக்காரங்க ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஊசியாலயும் வராது, வளர்ப்பாலயும் வராதுன்னு டாக்டர் தெளிவா சொன்னார். அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூக்கி நிறுத்துச்சு.

ஒரு தனியார் பள்ளியில சான்றிதழைப் பார்த்ததும் சீட் இல்லைன்னுட்டாங்க. மத்த அம்மாமாருக்கு ஒண்ணு சொல்றேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகையில ஆட்டிசமும் உண்டு. சான்றிதழ்ல பாதிப்பு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ இருந்தா 6 வயசுலருந்து 18 வயசு வரைக்கும், பக்கத்துப் பள்ளியிலயோ நாம விரும்புற சிறப்புப் பள்ளியிலயோ இலவசமாப் படிக்கிற உரிமை இருக்கு. இப்போ மாநகராட்சிப் பள்ளியில படிக்கிறா. சிறப்புப் பயிற்றுநர் சில நாள்தான் வர்றாங்க. மத்த நாள் எல்லாம் கிளாஸ் டீச்சர் மனசுலதான் இருக்கு.

கல்லூரி மாணவன், பெரம்பூர்

எனக்கே ஆட்டிசம் இருக்கு. காலேஜ் வந்த பிறகுதான் தெரிஞ்சது. ஏழாவதுல கணக்கு சார், "உனக்கு எத்தனை வாட்டி சொல்றது?"ன்னு கேட்டார். எண்ணிப் பார்த்து "மூணு வாட்டி சார்"னு சொன்னேன். திமிருன்னு நினைச்சு அடிச்சார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தானே சொன்னோம், எதுக்கு அடின்னு ரொம்ப நாள் புரியல. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பிள்ளைங்களை அடிக்கவே கூடாது. அன்னிக்கு எங்க வீட்டுல யாருக்கும் அது தெரியாது.

டீச்சர்களுக்கு ஒரு வேண்டுகோள். "சீக்கிரம் முடி"ன்னு சொன்னா எங்கே ஆரம்பிக்கிறதுன்னே எனக்குத் தெரியாது. "பத்து நிமிஷம், முதல் ரெண்டு கணக்கு"ன்னு சொன்னா முடிச்சிடுவேன். "கண்ணைப் பார்த்துப் பேசு"ன்னும் வற்புறுத்தாதீங்க. கண்ணைப் பார்த்தா காதுல விழுறது மனசுல ஏற மாட்டேங்குது. தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தாலும் கேட்டுக்கிட்டுதான் இருப்பேன்.

ஒரு அம்மா, எர்ணாவூர்

தம்பி, நல்லா இருப்பா. டீச்சர், பத்தாவது பரீட்சையை நினைச்சா இப்பவே வயித்தைக் கலக்குது. சலுகை ஏதாவது உண்டா?

ஆசிரியை, கொருக்குப்பேட்டை

உண்டும்மா. சான்றிதழ் நகலைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பள்ளி வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கூடுதலாக ஒரு மணி நேரம் கேட்கலாம், சொல்வதை எழுதுபவரும் கேட்கலாம். கடைசி மாதத்தில் அலைய வேண்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே தலைமையாசிரியரிடம் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். எழுதுபவர் கேட்பதென்றால், வகுப்புத் தேர்வுகளிலேயே வேறொருவரை உட்கார வைத்து, சொல்லி எழுத வைத்துப் பழக்கணும். புது ஆள் பக்கத்தில் உட்கார்ந்தால் தெரிந்த பதில்கூட வாயில் வராது.

தம்பி, நீங்கள் எழுதியதை எங்கள் ஆசிரியர் கூட்டத்தில் படித்துக் காட்டலாமா?

கல்லூரி மாணவன், பெரம்பூர்

படிங்க டீச்சர். பேர் மட்டும் வேண்டாம்.