மாலையானால் இணைப்பை விட்டுவிடும் கொன்ட்ரோலர்: போர்ட் மாற்றத்தான் வேண்டுமா?

நான்காம் மாடி (வெள்ளவத்தை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிளேஸ்டேஷன் 4 உடன் வந்த டுவல்ஷொக் 4 கொன்ட்ரோலர் ஒன்றை, விண்டோஸ் 10 உள்ள மேசைக் கணினியில் புளூடூத் வழியாகப் பயன்படுத்தி வருகிறேன். கணினியில் புளூடூத் இல்லாததால், விரல்நகமளவு டொங்கிள் ஒன்றை வாங்கிப் பின்பக்கத்தில் செருகியிருக்கிறேன். ஆறு மாதமாக ஒரு குறையும் இருக்கவில்லை. கடந்த மூன்று வாரமாகத்தான் தொல்லை.

உதைபந்தாட்ட விளையாட்டில் இடது ஸ்டிக்கை நான் விட்ட பிறகும் என் ஆட்டக்காரர் நிற்காமல் ஓடி, எல்லைக்கோட்டையும் தாண்டிப் போய்விடுகிறார். அந்த நேரத்தில் நான் பதறி அமுக்கும் பொத்தான்களில் சில வேலை செய்வதில்லை, சில பிந்தி வேலை செய்கின்றன. இப்படி நாலைந்து தடவை நடந்த பிறகு கொன்ட்ரோலரின் விளக்கு அணைந்து, இணைப்பு முற்றாக அறுந்துவிடுகிறது. நடுவிலுள்ள பி.எஸ். பொத்தானை அமுக்கினால் திரும்ப இணையும். பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே கதை.

காலையில் தம்பி விளையாடும்போது இது நடப்பதில்லை, மாலை ஏழு மணிக்குப் பின்னர் நான் உட்கார்ந்தால்தான் நடக்கிறது. நாங்கள் இருப்பது எட்டு மாடிகள் உள்ள தொடர்மாடி. கைபேசியைத் திறந்தால் அயல்வீட்டு வைஃபைப் பெயர்கள் இருபதுக்கு மேல் வரிசையாக வருகின்றன. எல்லோரும் வேலை முடிந்து வந்து இணையத்தைத் திறக்கும் நேரத்தில் என் கொன்ட்ரோலர் நெரிசலில் சிக்கிவிடுகிறது என்பதே என் ஊகம்.

முழுதாகச் சார்ஜ் செய்தேன், கணினியிலிருந்து நீக்கிவிட்டுப் புதிதாக இணைத்தேன், பின்புறத் துளைக்குள் ஊசியை விட்டு ரீசெட்டும் செய்தேன். வயரில் போட்டாவது விளையாடலாம் என்று பார்த்தால், விளக்கு செம்மஞ்சளாக மெதுவாக மின்னுகிறதே தவிர, கணினி கொன்ட்ரோலரைக் காணவேயில்லை. ஆகவே ஒரு திருத்தும் கடையில் காட்டினேன். வயரைச் செருகும் வாயான போர்ட்டை மாற்ற வேண்டும் என்று சொல்லி, புதியதின் விலையில் பாதிக்கு மேல் கேட்கிறார்கள். மாற்றுவதா, புதிது வாங்குவதா?

இரவுப் பந்தாட்டம் (தெஹிவளை) எழுதியது:

உங்கள் ஊகம் சரிதான். புளூடூத்தும் பழைய வகை வைஃபையும் 2.4 கிகாஹேர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில்தான் ஓடுகின்றன. டுவல்ஷொக் 4 பயன்படுத்தும் புளூடூத், அந்த வரிசையை 79 சிறு வழிகளாகப் பிரித்து, வினாடிக்கு 1600 தடவை வரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். நெரிசலான வழிகளைக் கண்டால் தானாகவே விலக்கிவிடும். ஆனால் ஒரு வைஃபை ரவுட்டர் அந்த வழிகளில் இருபதை ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும், 40 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் அமைத்திருந்தால் நாற்பதை அடைக்கும். எனவே வீட்டுக் கைபேசிகளையும் டி.வி.யையும் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றிவிட்டு, ரவுட்டரின் 2.4 பகுதியை 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் வையுங்கள். என் வீட்டில் இதைச் செய்த பின்னர் ஒரு நாளும் இணைப்பு அறவில்லை.

பழைய திருத்துநர் (கொட்டாஞ்சேனை) எழுதியது:

தம்பி, போர்ட் மாற்றக் காசு கொடுப்பதற்கு முன் சற்றுப் பொறுங்கள். மேலே தெஹிவளை நண்பர் சொன்னதில் பிழை இல்லை, அதையும் செய்யலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முதலில் உறுத்துவது அந்த வயர்தான்.

சார்ஜ் செய்வதற்கென்றே விற்கப்படும் மைக்ரோ யூ.எஸ்.பி. வயர்கள் பலவற்றில் மின்சாரத்துக்கான இரண்டு கம்பிகள் மட்டும் இருக்கும். தரவைக் கொண்டுபோகும் மற்ற இரண்டும் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வீட்டில் மைக்ரோ யூ.எஸ்.பி. வாய் உள்ள பழைய கைபேசி கிடந்தால், அதே வயரால் கணினியில் செருகிப் பாருங்கள். கைபேசிக்குள் இருக்கும் படங்களைக் கணினி திறந்து காட்டினால் வயர் முழுமையானது. சார்ஜ் மட்டும் ஏறினால் அந்த வயரை வைத்துக் கொன்ட்ரோலரைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. செம்மஞ்சள் விளக்கு மின்னுகிறது என்றால் மின்சாரம் போகிறது என்பது மட்டுமே தெரிகிறது. கடையில் உங்கள் வயரையே போட்டுப் பார்த்துவிட்டு போர்ட் போய்விட்டது என்று சொல்லியிருக்கவும் கூடும்.

நல்ல வயர் ஒன்றை எடுத்து, மாலை நேரத்தில், அதே உதைபந்தாட்டத்தை ஒரு மணி நேரம் வயரிலேயே விளையாடுங்கள். ஸ்டிக் தேய்ந்திருந்தால், வயரில் இருக்கும்போதும், கையை எடுத்த பிறகும் ஆட்டக்காரர் ஒரு பக்கமாகவே நகர்வார். வயரில் ஒழுங்காக இருந்து, வயர் இல்லாதபோது மட்டும் ஓடிக்கொண்டே போனால், நீங்கள் ஸ்டிக்கை விட்ட செய்தி கணினியை வந்தடையவில்லை, கணினி கடைசியாகக் கேட்ட சொல்லையே நம்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டும் திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும். நோய் வேறு வேறு.

அதன்பின் கொன்ட்ரோலரைக் கைபேசியுடன் இணைத்துப் பாருங்கள். ஆண்ட்ரொய்ட் 10 அல்லது அதற்குப் பிந்தியது என்றால் இணையும். ஷேர் பொத்தானையும் பி.எஸ். பொத்தானையும் ஒன்றாகச் சில வினாடி அமுக்கிப் பிடித்தால் விளக்கு வேகமாக வெள்ளையாய் இரட்டை இரட்டையாக மின்னும். அப்போது கைபேசியில் தேடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: கைபேசியைக் கைக்கருகில் வைத்துக்கொண்டு சோதித்தால் அது சோதனையே அல்ல. கணினிப் பெட்டி எங்கே இருக்கிறதோ, அதற்குப் பக்கத்தில் கைபேசியை வைத்துவிட்டு, நீங்கள் வழமையான கதிரையில் உட்கார்ந்து விளையாடுங்கள். இந்தக் கொன்ட்ரோலர் ஒரு நேரத்தில் ஒரு கருவியைத்தான் நினைவில் வைத்திருக்கும் என்பதால், சோதனை முடிந்ததும் கணினியின் பட்டியலிலிருந்து பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக இணைக்க வேண்டியிருக்கும்.

இன்னுமொரு கேள்வி. மூன்று வாரத்துக்கு முன் உங்கள் மேசையில் என்ன மாறியது?

நான்காம் மாடி எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடி வயரைச் சோதித்தேன். பழைய கைபேசி சார்ஜ் ஆனது, படங்கள் திறக்கவில்லை. கீழ் வீட்டு நண்பரிடம் வேறொரு வயரை வாங்கிச் செருகிய உடனேயே கணினி கொன்ட்ரோலரைக் கண்டுகொண்டது. நேற்று இரவு ஏழரை முதல் ஒன்பது மணி வரை வயரில் விளையாடினேன், ஓரிடத்திலும் பிசகவில்லை. இன்று அதே நேரத்தில் கைபேசியைக் கணினிப் பெட்டியின் மேல் வைத்து ஒரு மணி நேரம் ஓட்டப் பந்தய விளையாட்டு ஒன்றை ஆடினேன், அதிலும் இணைப்பு அறவில்லை.

ரவுட்டரையும் மாற்றியமைத்தேன். கணினியில் இரவு விளையாடிப் பார்த்தபோது பழைய தொல்லை அப்படியே இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் எதுவும் மாறவில்லை. மேசை, கதிரை, கணினி எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இரு பிள்ளைகளின் தாய் (கொழும்பு 13) எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். மகனுக்குப் பாவித்த எக்ஸ்பொக்ஸ் கொன்ட்ரோலர் ஒன்றை வாங்கினேன். எங்கள் மடிக்கணினியில் புளூடூத் இருக்கிறது, ஹெட்போன் நன்றாக இணைகிறது. ஆனால் கொன்ட்ரோலரின் பெயர் பட்டியலில் வருவதேயில்லை. பற்றரி புதியது, நடுவிலுள்ள விளக்கும் மின்னுகிறது. இதுவும் அலைவரிசைக் கோளாறா?

பழைய திருத்துநர் எழுதியது:

சகோதரி, உங்களுடையது அலைவரிசைக் கோளாறு அல்ல. எக்ஸ்பொக்ஸ் வண் காலத்துக் கொன்ட்ரோலர்களில் முதலில் வந்தவற்றுக்குப் புளூடூத்தே கிடையாது. அவை எக்ஸ்பொக்ஸுக்கென்று உள்ள தனி வயர்லெஸ் முறையில் மட்டும் பேசும். எக்ஸ்பொக்ஸ் சின்னம் உள்ள பொத்தானைச் சுற்றிய பிளாஸ்டிக்கைப் பாருங்கள். அது மேல்விளிம்புப் பொத்தான்களோடு சேர்ந்த தனித் துண்டாக, பளபளப்பாக இருந்தால் புளூடூத் இல்லை. கொன்ட்ரோலரின் முகத்தோடு ஒரே துண்டாக இருந்தால் இருக்கிறது. ஐயமாக இருந்தால் பற்றரிகளைக் கழற்றிவிட்டு உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வாசியுங்கள். 1537, 1697 என்ற எண்கள் இருந்தால் புளூடூத் இல்லாதவை. 2016 இல் வந்த 1708 இல் இருக்கிறது. இல்லாத வகை என்றால் விண்டோஸுக்கான எக்ஸ்பொக்ஸ் வயர்லெஸ் அடாப்டர் வேண்டும், அல்லது தரவுக் கம்பிகள் உள்ள மைக்ரோ யூ.எஸ்.பி. வயர் போதும். பிள்ளை மேசையருகில் இருந்து விளையாடுவதானால் நான் வயரையே சொல்வேன்.

தம்பி, இனி உங்களுக்கு. வயரில் சரியாக இருந்ததால் பொத்தான்களும் ஸ்டிக்கும் நல்லவை. கைபேசியில் சரியாக இருந்ததால் கொன்ட்ரோலரின் புளூடூத்தும் நல்லது. அயல்வீட்டு வைஃபைதான் காரணம் என்றால், அதே இடத்தில், அதே நேரத்தில் இருந்த கைபேசியையும் அது விட்டுவைத்திருக்காது. மிச்சமிருப்பது டொங்கிளும் அதைச் சுற்றியுள்ள ஒரு சாண் இடமும்தான். கணினியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்து, டொங்கிளுக்கு இடம், வலம், மேல், கீழ் என்னென்ன செருகியிருக்கிறது, ஒவ்வொரு வாயின் உட்புறமும் என்ன நிறம் என்று எழுதுங்கள்.

நான்காம் மாடி எழுதியது:

கைபேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். பெட்டி தரையில், சுவரோடு ஒட்டினாற்போல் இருக்கிறது. பின்பக்கத்தில் கறுப்பு வாய்கள் நான்கு, நீல வாய்கள் இரண்டு. கீபோர்ட்டும் மவுஸும் கறுப்பில் இருக்கின்றன. நீல வாய் ஒன்றில் டொங்கிள். அதற்கு மேலுள்ள நீல வாயில் வெளி ஹார்ட் டிஸ்க்.

எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது. அந்த ஹார்ட் டிஸ்க்கை வாங்கிச் சரியாக மூன்று வாரம் ஆகிறது. கணினிக்குள் இடம் போதாமல் போனதால் உதைபந்தாட்டத்தை அதற்குள் மாற்றினேன். தம்பி காலையில் விளையாடும் பழைய விளையாட்டு இன்னும் கணினியின் உள் டிஸ்க்கில்தான் இருக்கிறது. ஒன்றும் மாறவில்லை என்று முன்னர் எழுதியது என் கவனக்குறைவு.

பழைய திருத்துநர் எழுதியது:

அப்படியானால் மாலை நேரம் குற்றவாளி அல்ல. மாலையில் நீங்கள் திறக்கும் விளையாட்டு எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்பதே விடயம்.

நீல வாய் என்றால் பெரும்பாலும் யூ.எஸ்.பி. 3.0. அதில் தரவு வினாடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் ஓடும். அந்த வேகத்தில் ஓடும்போது வயரிலிருந்தும் செருகும் வாயிலிருந்தும் கசியும் வானொலி இரைச்சல், 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியையும் மூடிக்கொண்டு பரவுகிறது. இன்டெல் நிறுவனம் 2012 இலேயே இதை அளந்து அறிக்கையாக வெளியிட்டது, யூ.எஸ்.பி. 3.0 ஹார்ட் டிஸ்க்கைச் செருகியபோது அந்தப் பகுதியின் இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு, உயர்ந்ததாக அதில் காட்டியிருக்கிறார்கள். இரைச்சல் அந்த வழிகள் எல்லாவற்றிலும் பரவியிருப்பதால், புளூடூத் எந்த வழிக்குத் தாவினாலும் தப்ப முடியாது. வைஃபையிலிருந்து தப்பத் தெரிந்த அந்த வித்தை இங்கே உதவாமல் போவதற்குக் காரணம் அதுதான். பேரூந்துத் தரிப்பிடத்தில் ஹோர்ன் சத்தத்துக்கு நடுவே நின்று தொலைபேசியில் பேசுவதைப் போன்றது உங்கள் டொங்கிளின் நிலைமை. போதாக்குறைக்குப் பெட்டி இரும்பு, பின்பக்கம் சுவர், கொன்ட்ரோலர் இருப்பதோ முன்பக்கம்.

இரண்டு சோதனைகளைத் தனித்தனியாகச் செய்யுங்கள். ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும். முதல் நாள் டிஸ்க்கை நீல வாயிலிருந்து கழற்றிக் கறுப்பு வாயில் செருகி விளையாடுங்கள். விளையாட்டு திறக்கச் சற்றுத் தாமதமாகும், ஆனால் அந்த வாயில் 5 கிகாபிட் ஓட்டம் இல்லை. மறுநாள் டிஸ்க்கைத் திரும்ப நீல வாயிலேயே போட்டுவிட்டு, டொங்கிளை ஒரு மீற்றர் நீளமான யூ.எஸ்.பி. 2.0 நீட்டிப்பு வயரில் செருகி, மேசைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள்.

இரவுப் பந்தாட்டம் எழுதியது:

நான் வைஃபை என்று அடித்துச் சொல்லிவிட்டேன், ஐயா சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். என் வீட்டிலும் பழைய டிஸ்க் ஒன்று டொங்கிளின் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் அது யூ.எஸ்.பி. 2.0 என்பதால் தப்பியிருக்கிறேன் போலும். டொங்கிளை இடம் மாற்றும்போது டிவைஸ் மனேஜரில் புளூடூத் அடாப்டரின் பவர் மனேஜ்மென்ட் பகுதியையும் பாருங்கள். மின்சக்தியைச் சேமிப்பதற்காக இந்தக் கருவியை நிறுத்தக் கணினிக்கு அனுமதி என்ற பெட்டியில் சரி அடையாளம் இருந்தால் எடுத்துவிடுங்கள். மடிக்கணினியில் டொங்கிள் போடுபவர்களுக்கும் ஒரு சொல்: விண்டோஸ் ஒரு நேரத்தில் ஒரு புளூடூத்தைத்தான் ஆளும், எனவே உள்ளிருப்பதை டிசேபிள் செய்யாமல் இன்னொன்றைச் செருகினால் வேறு வகையான தலைவலி தொடங்கும்.

பழைய திருத்துநர் எழுதியது:

நல்ல யோசனை. அந்தப் பெட்டியை மூன்றாவது நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதல் இரண்டு நாளும் தொட வேண்டாம்.

நான்காம் மாடி எழுதியது:

முதல் நாள் டிஸ்க்கைக் கறுப்பு வாய்க்கு மாற்றி இரண்டு மணி நேரம் விளையாடினேன். விளையாட்டு திறக்கும்வரை ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிக்கலாம் போலிருந்தது, ஆனால் ஆட்டக்காரர் நான் சொன்ன இடத்தில் நின்றார். இரண்டாம் நாள் டிஸ்க்கை நீல வாய்க்கே கொண்டுபோய், டொங்கிளை நீட்டிப்பு வயரில் மேசை விளிம்புக்கு எடுத்து வந்தேன். இன்றோடு நான்கு இரவுகள் ஆகின்றன. ஒரு தடவைகூட விளக்கு அணையவில்லை. பவர் மனேஜ்மென்ட் பெட்டியைத் தொடாமலே விட்டிருக்கிறேன்.

நேற்றுச் சந்தேகத்துக்காக டொங்கிளைக் கழற்றிப் பழையபடி டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகிப் பார்த்தேன். இடைவேளைக்கு முன்னரே கோல்காப்பாளர் கோலை விட்டுவிட்டு மூலைக்கொடி வரை ஓடிவிட்டார். போர்ட் மாற்றும் வேலைக்கு வேண்டாம் என்று கடைக்குச் சொல்லிவிட்டேன். கீழ் வீட்டு நண்பரின் வயரை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இரு பிள்ளைகளின் தாய் எழுதியது:

ஸ்டிக்கரில் 1697 என்று இருந்தது. புறக்கோட்டையில் வயர் வாங்கும்போது, பழைய கைபேசியைக் கையோடு கொண்டுபோய், படங்கள் திறக்கின்றனவா என்று கடைக்காரரின் கணினியிலேயே செருகிக் காட்டச் சொன்னேன். மூன்றாவது வயரில்தான் திறந்தது. மகன் இப்போது விளையாடிக்கொண்டிருக்கிறான்.