'பெரிய வீடு' குழு, வியாழன் காலை

கார்த்தி (6.52): குரோம்பேட்டையில் இருக்கிறேன். பெரியப்பா கேரவனின் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தாயிற்று. காபி குடித்து முடித்தவர்கள் மட்டும் படத்தைப் பாருங்கள்.

பிரியா: ஐயோ

குமார் மாமா: பாயசமா?

கார்த்தி: குழாயைத் திறந்தால் முதலில் பச்சையாக நூல் நூலாக வந்தது. அப்புறம் கொசுப்புழு. இரண்டு, மூன்று நெளிகிறது.

மீனா அத்தை: இந்தத் தண்ணீரிலா குழந்தைக்குக் கை கழுவப் போகிறீர்கள்? காது குத்தப் போகிறோமா, பேதிக்குப் போகிறோமா?

பிரியா: தொட்டிக்கு மூடி இல்லையா?

கார்த்தி: ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி. சுற்றிலும் சைக்கிள் ட்யூபை வெட்டி ஒட்டியிருக்கிறார்.

குமார் மாமா: அத்தான் டிசைன். சாலிகிராமத்தில் அந்த ஷூட்டிங் வண்டியை வாங்கும்போதே சொன்னேன், எந்த ஹீரோ கால் கழுவிய தொட்டியோ என்று.

பெரியம்மா: 2012ல் நீ சொன்னது எல்லாம் நினைவிருக்கிறது குமாரு. பாதிப் பணம் தருகிறேன் என்று சொன்னதும்.

குமார் மாமா: 🙏

சித்தப்பா (7.15): எல்லோரும் பொறுமையாகப் படிக்கவும். (1/3) முதலில் பழைய தண்ணீரை வடித்து, பாசியைத் தேய்த்து எடுக்க வேண்டும். பாசி இருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும். பிறகு வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச் திரவம். வாசனை சேர்த்தது வேண்டாம். 5 சதவீதம் என்று போட்டிருந்தால் கணக்கு சுலபம், லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி. நம் தொட்டி 120 லிட்டர், ஆக 120 மில்லி. லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும். குடிநீரில் 0.2 இருந்தால் போதும். அதைப்போல் 250 மடங்கு இது. யாரும் வாயில் வைக்கக் கூடாது.

பிரியா: ஓகே சித்தப்பா

குமார் மாமா: யார் வைக்கப் போகிறார்கள்

கார்த்தி: தெருமுனைக் கடையில் பிளீச்சிங் பவுடர்தான் இருக்கிறது.

சித்தப்பா: அப்படியே கொட்டாதே. சுண்ணாம்பு அடியில் தங்கி பம்பு வடிகட்டியை அடைத்துக்கொள்ளும். திரவமே வாங்கு. தேதி பார்த்து வாங்கு, பழசானால் வீரியம் இறங்கிவிடும்.

பிரியா: நாற்றம் போக வினிகரும் சேர்த்து ஊற்றலாமா? யூட்யூபில் பார்த்தேன்.

சித்தப்பா: கூடவே கூடாது!! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய வண்டிக்குள் மூச்சுத் திணறிவிடும். வினிகர் வேண்டுமென்றால் பிளீச்சை முழுதும் அலசிய பிறகு இன்னொரு நாள்.

மீனா அத்தை: 2019ல் இந்தத் தொட்டியில்தானே அண்ணன் ஊருக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். வேளச்சேரிக்கு மட்டும் வண்டி வரவில்லை.

பெரியம்மா: வந்தது மீனா. கேட் பூட்டியிருந்தது.

மீனா அத்தை: வாட்ச்மேன் எங்கே போனானாம்?

பெரியம்மா: அதை அவனிடம் கேட்டிருக்க வேண்டும்.

குமார் மாமா: காதுகுத்துக்கு மொட்டை உண்டா இல்லையா? இன்னும் யாரும் சொல்லவில்லை.

பிரியா: மாமா, மொட்டை போன வருஷமே போட்டாயிற்று. நீங்கள்தான் தூங்கிவிட்டீர்கள்.

சித்தப்பா (7.41): (2/3) தண்ணீர் வடிகட்டியின் கேட்ரிஜைக் கழற்றிவிடு. கீசருக்குப் போகும் வால்வை மூடி, கீசருக்குள் போகாமல் தண்ணீரைத் திருப்பிவிடும் பைபாஸ் குழாயைத் திற. பிளீச்சை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து ஊற்றிவிட்டு, தொட்டியை விளிம்புவரை நிரப்பு. பம்பைப் போட்டு, சிங்க், பாத்ரூம், கைஷவர் என ஒவ்வொரு குழாயாகத் திற. பிளீச் வாசம் வந்ததும் மூடு. அப்படியே 12 மணி நேரம்.

கார்த்தி: 12ஆ? எனக்கு ஆபீஸ் இருக்கிறது. நாளை இரவு 10 மணிக்குக் கிளம்ப வேண்டாமா?

சித்தப்பா: இரட்டிப்பாக 240 மில்லி போட்டால் 4 மணி நேரம் போதும். ஆனால் வாஷர் எல்லாம் பழசு. எனக்கு 12தான் பிடிக்கும்.

பெரியம்மா: எதுவானாலும் என் மல்லிகைச் செடிப் பக்கம் வடிக்காதே. நேராகச் சாக்கடைக்கு விடு.

பிரியா: கடைசியில் குடிக்க எந்தத் தண்ணீர் நிரப்புவது? குரோம்பேட்டை போர் தண்ணீர் உப்பு.

கார்த்தி: 20 லிட்டர் கேன் 6 வாங்கினால் 120 சரியாக வரும். பணம் யார்?

மீனா அத்தை: ...

குமார் மாமா: பார்க்கலாம்

மீனா அத்தை: எனக்கு ரயில் டிக்கெட் கிடைக்குமா என்று பாருங்களேன்.

கார்த்தி: சித்தப்பா, 3/3 எங்கே?

சித்தப்பா: டைப் செய்கிறேன். வாசம் போகும்வரை இரண்டு, மூன்று தடவை அலச வேண்டும், அதுதான். விவரமாக எழுதுகிறேன்.

கார்த்தி: சரி. பாரிமுனையில் புது மூடி கிடைக்கும் என்கிறார் மெக்கானிக். பழசைத் தூக்கிப் போட்டுவிடவா?

பெரியம்மா: வேண்டாம். கழுவி என் சமையலறை ஜன்னலில் வை.

கார்த்தி: சரி பெரியம்மா.

மீனா அத்தை: பூசாரிக்கு யார் போன் போட்டது?

குமார் மாமா: சங்கர் போட்டிருப்பான்.

சித்தப்பா: நானா?