பெரிய வீட்டுக் குழு: பெரியப்பாவின் மெயில்

பெரியப்பா, மாலை 6:41
நெட் இருக்கிறது. யூட்யூப் ஓடுகிறது, பேப்பர் படிக்க முடிகிறது. என் மெயில் மட்டும் திறக்கவில்லை. வெள்ளையாக நிற்கிறது, சக்கரம் சுற்றுகிறது. நாளைக்குள் அடங்கலை, அதுதான் வயலின் சாகுபடிக் கணக்கை, கூட்டுறவுச் சங்கத்தில் கொடுக்க வேண்டும். பயிர் இன்ஷூரன்ஸ் கடைசித் தேதி வருகிறது.

பெரியம்மா, 6:43
அடங்கலை இ-சேவைக்காரர் ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினாராம். கையில் கொடுத்த தாளை எங்கே வைத்தார் என்று கேளுங்கள்.

பெரியப்பா, 6:44
அது இப்போது முக்கியம் இல்லை.

மன்னார்குடி அத்தை, 6:46
அண்ணே, அந்த மெயிலை அரசாங்கமே தடை செய்துவிட்டதாம். எங்கள் தெருக் குழுவில் வந்தது.

கோவை தம்பி, 6:52
அத்தை, அது வேறு மெயில். புரோட்டான் மெயிலைத் தடுக்கச் சொல்லி 2025 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது, அந்தச் செய்தியை யாரோ இப்போது கிளப்பிவிட்டிருக்கிறார்கள். பெரியப்பாவுடையது இருபது வருஷப் பழைய சாதாரண மெயில்.

திருச்சி சித்தப்பா, 6:53
மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள் அண்ணே.

பெரியப்பா, 6:53
மூன்று தடவை ஆயிற்று. கஸ்டமர் கேரிலும் அதையேதான் சொன்னார்கள்.

கோவை தம்பி, 6:55
லாஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிகிறதா?

பெரியப்பா, 6:56
இல்லை. எல்லாம் பச்சை.

கோவை தம்பி, 6:57
அப்படியானால் ஃபைபர் அறுந்து போகவில்லை. வைஃபையை அணைத்துவிட்டு போன் டேட்டாவில் அதே மெயிலைத் திறந்து பாருங்கள்.

பெரியம்மா, 7:01
வீட்டுக்குள் டவர் கிடைத்தால்தானே. மொட்டை மாடிக்குப் போயிருக்கிறார். ஐப்பசி மழை, குடையோடு.

பெரியப்பா, 7:09
மாடியில் திறந்தது. அடங்கல் இறங்குவதற்குள் மழை பிடித்துக்கொண்டது, போன் நனைகிறது என்று வந்துவிட்டேன். கீழே வைஃபையில் போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரே கதைதான்.

கோவை தம்பி, 7:11
நல்லது. கம்ப்யூட்டரில் தப்பு இல்லை, மெயில்காரரிடமும் தப்பு இல்லை. நம் வீட்டு லைனில்தான் ஏதோ.

பெரியப்பா, 7:12
மேட்டூரில் தண்ணீர் இருக்கிறது, கல்லணையிலும் விட்டாயிற்று, குடமுருட்டி நிறையப் போகிறது. நம் வாய்க்கால் தலைப்பில் மதகு சாத்தியிருக்கிறது. அப்படித்தானே?

கோவை தம்பி, 7:13
அதேதான். எந்த மதகு என்று பார்க்க வேண்டும்.

திருச்சி சித்தப்பா, 7:20
டி.என்.எஸ். பிரச்சினை. கூகுளின் 8.8.8.8 என்று மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும். எங்கள் ஆபீசில் எப்போதும் இதுதான்.

கோவை தம்பி, 7:22
பார்த்துவிடலாம் சித்தப்பா. டி.என்.எஸ். என்பது பெயரைச் சொன்னால் நம்பர் தருகிற டைரக்டரி. பெரியப்பா, கமாண்ட் பெட்டியில் பிங் என்று அடித்து மெயில் முகவரியைப் போடுங்கள்.

பெரியப்பா, 7:31
ரிப்ளை வருகிறது. நான்குக்கு நான்கு.

கோவை தம்பி, 7:32
அப்படியென்றால் பெயருக்கு நம்பர் கிடைக்கிறது, அந்த நம்பரும் பதில் சொல்கிறது. டைரக்டரி சரியாகத்தான் இருக்கிறது.

திருச்சி சித்தப்பா, 7:33
இருந்தாலும் மாற்றிப் பாருங்கள்.

பெரியப்பா, 7:45
மாற்றினேன். அதே வெள்ளைதான்.

சென்னை அக்கா, 7:48
இப்போதுதான் ஆபீஸ் விட்டு வந்தேன். பெரியப்பா, போனில் ஒரு வி.பி.என். போட்டுத் தந்தேனே, நெட்டை வேறு சர்வர் வழியாக உறை போட்டு அனுப்புகிற ஆப், அதை ஆன் செய்து வைஃபையிலேயே திறங்கள்.

பெரியப்பா, 7:54
அடடே. திறந்துவிட்டது!

திருச்சி சித்தப்பா, 7:55
பார்த்தீர்களா! வேண்டுமென்றே பிளாக் செய்கிறார்கள். வி.பி.என். போட்டதும் அவர்களுக்குத் தெரியாமல் போகிறது. கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போகலாம்.

மன்னார்குடி அத்தை, 7:55
நான் அப்போதே சொன்னேன்.

பெரியப்பா, 7:57
காலையில் அந்த அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன். மாதாமாதம் காசு வாங்குகிறார்கள் அல்லவா.

கோவை தம்பி, 7:58
பெரியப்பா, ஒரு நிமிஷம். இந்த மோடம் எப்போது வந்தது?

பெரியம்மா, 8:00
போன சனிக்கிழமை. இடி இறங்கி பழையது போய்விட்டது. லைன் பையன் புதுசு வைத்துவிட்டு காபி கூடக் குடிக்காமல் ஓடினான், பாவம், அன்றைக்கு ஊரெல்லாம் அவனுக்கு வேலை.

கோவை தம்பி, 8:01
அதற்கு முன்னால் மெயில் திறந்ததா?

பெரியப்பா, 8:01
தினமும் பார்ப்பேனே.

கோவை தம்பி, 8:03
பிங் திரும்ப அடியுங்கள். இந்தத் தடவை 1.1.1.1-க்கு, அது வெளியே இருக்கிற ஒரு பொது டி.என்.எஸ். முகவரி. அதற்கு முன் மைனஸ் எஃப், மைனஸ் எல், ஓர் இடம் விட்டு 1472. வந்ததை அப்படியே படம் எடுத்துப் போடுங்கள்.

பெரியப்பா, 8:14
(படம்)
டைம்டு அவுட் என்று நான்கு வரி. நெட்டே போய்விட்டதா?

கோவை தம்பி, 8:15
போகவில்லை. 1472-ஐ எடுத்துவிட்டு 1464 போடுங்கள்.

பெரியப்பா, 8:18
ரிப்ளை. நான்கும் வந்துவிட்டன. எட்டு நம்பரில் என்ன வந்துவிடப் போகிறது?

கோவை தம்பி, 8:26
அந்த எட்டில்தான் எல்லாம் இருக்கிறது. யாரும் பிளாக் செய்யவில்லை. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெட்டில் எதுவும் முழுசாக வருவதில்லை, பொட்டலம் பொட்டலமாக வரும். ஒரு பொட்டலம் அதிகபட்சம் 1500 பைட். பெரியப்பா வீட்டு லைன் யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணைகிற வகை, பி.பி.பி.ஓ.ஈ. என்பார்கள். அது ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் 8 பைட்டுக்கு ஒரு சீட்டு ஒட்டும். ஆகவே உள்ளே 1492-தான் கொள்ளும். பிங்கில் முகவரி எழுதவே 28 போகும். 1464-உம் 28-உம் 1492, நுழைந்தது. 1472-உம் 28-உம் 1500, நுழையவில்லை.

வைக்கோல் லாரி ரயில் பாலத்துக்குக் கீழே வருகிற மாதிரி. சைக்கிள் போகும், டிராக்டர் போகும், பாரம் ஏற்றிய லாரி மட்டும் நிற்கும். பாலத்தடியில் இருக்கிறவர் 'உயரம் அதிகம், குறைத்து ஏற்று' என்று லாரி கிளம்பிய ஊருக்குச் சீட்டு அனுப்புவார். பெரும்பாலான தளங்கள் அந்தச் சீட்டைப் படித்து, பாரத்தைக் குறைத்துத் திரும்ப அனுப்பிவிடும். 1990-லேயே வந்த ஏற்பாடு இது. இந்த மெயில்காரர்களின் வாசலில் காவலாளி அந்தச் சீட்டை உள்ளே விடுவதில்லை போலிருக்கிறது. அவர்கள் அதே உயரத்தில் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள், இங்கே திரும்பத் திரும்ப விழுகிறது. உங்களுக்குச் சக்கரம் சுற்றுகிறது.

சென்னை அக்கா, 8:29
அப்போது வி.பி.என்.?

கோவை தம்பி, 8:30
வி.பி.என். தானும் ஓர் உறை போட வேண்டும் என்று பொட்டலத்தை முதலிலேயே சின்னதாகக் கட்டும். 1420, அந்த மாதிரி. பாலத்தில் இடிக்காது. அதனால்தான் பிளாக் மாதிரியே தெரிந்தது.

திருச்சி சித்தப்பா, 8:34
இது எனக்கும் தெரியும், சொல்ல மறந்துவிட்டேன்.

சென்னை அக்கா, 8:34
😂😂

பெரியப்பா, 8:36
பழைய மோடத்தில் எப்படி வந்தது?

கோவை தம்பி, 8:38
அதில் 1492 என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து உங்கள் வீட்டு மோடமே முதல் பேச்சில் 'எனக்குச் சின்னதாக அனுப்பு' என்று சொல்லிவிடும். புதியதில் 1500 என்று இருக்கும் என நினைக்கிறேன். பிரவுசரில் 192.168.1.1 என்று அடியுங்கள். யூசர்நேமும் பாஸ்வேர்டும் மோடத்தின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும்.

பெரியப்பா, 8:44
(படம்)
இதுவா?

சென்னை அக்கா, 8:44
பெரியப்பா, அந்தப் படத்தை உடனே நீக்குங்கள்! குழுவில் முப்பது பேர் இருக்கிறார்கள். வைஃபை பாஸ்வேர்டும் அதில் இருக்கிறது.

பெரியப்பா, 8:46
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மன்னார்குடி அத்தை, 8:47
என்ன படம்? நான் பார்க்கவில்லையே.

கோவை தம்பி, 8:49
உள்ளே போனதும் வேன் (WAN), அதாவது வெளி லைன், என்று ஒரு தலைப்பு இருக்கும். அதில் எம்.டி.யு. (MTU), அதாவது பொட்டலத்தின் அதிகபட்ச அளவு, என்ற கட்டத்தில் என்ன எண்?

பெரியப்பா, 8:58
வேன் இருக்கிறது. எம்.டி.யு. 1500.

கோவை தம்பி, 8:58
1492 ஆக்கி சேவ் கொடுங்கள். பக்கத்தில் இருக்கிற யூசர்நேம் கட்டத்தைத் தொட்டுவிடாதீர்கள், தொட்டால் நெட்டே போய்விடும், அப்புறம் லைன் பையன்தான் வர வேண்டும்.

பெரியம்மா, 9:05
நெட் போய்விட்டது. சீரியல் பாதியில் நிற்கிறது.

கோவை தம்பி, 9:05
மோடம் திரும்ப இணைகிறது பெரியம்மா, இரண்டு நிமிஷம்.

பெரியப்பா, 9:08
வந்துவிட்டது. வி.பி.என். இல்லாமல், கம்ப்யூட்டரிலேயே. 212 கடிதம் படிக்காமல் கிடக்கிறது. பாதி ஜவுளிக்கடை விளம்பரம்.

சென்னை அக்கா, 9:09
👏👏 காலையில் லைன் பையனிடம் சொல்லிவிடுங்கள் பெரியப்பா. அன்றைக்கு மோடம் மாற்றிய வீடுகளிலெல்லாம் இப்படித்தான் இருக்கும்.

பெரியப்பா, 9:10
எதிர்வீட்டு வாத்தியாரும் ஒரு வாரமாக ஏதோ திறக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். 1492 என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

பெரியம்மா, 9:17
அடங்கலைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தார். சர்வே நம்பர் சரி, உட்பிரிவு பக்கத்து வயலுடையது. காலையில் வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போகிறார். குடையைத் தேடிக்கொண்டிருக்கிறோம், மாடியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்.