‘கதிர்நிறமாறி’ – கதிர்வீச்சால் நிறம் மாறும் பொருளுக்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழுவினருக்கு,

நாகர்கோவிலிலிருந்து வணக்கம். கதிர்வீச்சு பட்டதும் நிறம் மாறி, பட்ட அளவையும் தெரிவிக்கும் படலத்துக்கு இங்கே முன்மொழியப்பட்ட ‘கதிரியக்க நிறத்தாள்’ என்ற சொல்லை ஏற்கத் தயங்குகிறேன். கதிரியக்கம் என்பது அணுக்கரு தானாகவே சிதைந்து கதிரை உமிழும் பண்பு. தோரியத்துக்கு அது உண்டு, இந்தப் படலத்துக்கு இல்லை. மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலிலுள்ள மோனசைட் என்ற தோரியக் கனிமத்தைப் பற்றிப் பேசும்போதே கதிரியக்கத்தையும் கதிர்வீச்சையும் ஒன்றாக்கிவிடும் எங்கள் பக்கத்தில், அந்தப் பெயரைக் கேட்டால் தாளைத் தொடவே அஞ்சுவார்கள்.

‘கதிர்நிறமாற்றி’ அதைவிட மேல். ஆனால் மாற்றுதல் பிறவினை. இப்பொருள் வேறொன்றின் நிறத்தை மாற்றுவதில்லை, தன் நிறமே மாறுகிறது. எனவே ‘கதிர்நிறமாறி’ என்பதே என் பரிந்துரை. (நாஞ்சில் நாட்டுக்காரருக்குக் கதிர் என்றால் முதலில் நெற்கதிர்தான் நினைவுக்கு வரும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.) ‘கதிர்நிறமி’ சுருக்கமானதுதான் என்றாலும், நிறமி என்பது பச்சையம் போன்ற நிறப்பொருளுக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்டது.

படலத்தில் நிறம் ஏறுவதால் ‘நிறமேறி’ எனலாம் என்று சொன்னவரின் வாதத்தில் நியாயம் உண்டு. புற்றுநோய்க் கதிர் சிகிச்சையைச் சரிபார்க்கப் பயன்படும் படலத்தில், இரண்டு பாலியெஸ்டர் தாள்களுக்கு நடுவே டைஅசெட்டிலீன் சேர்மம் மெல்லிய அடுக்காக இருக்கிறது. கதிர் பட்டதும் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட பலபடிச் சங்கிலிகளாகின்றன; அச்சங்கிலிகள் சிவப்பொளியை உட்கவர்வதால் படலம் நீலமாகத் தெரிகிறது. இருட்டறையும் வேண்டாம், கழுவும் கரைசலும் வேண்டாம். வேண்டிய அளவுக்குக் கத்தரித்து, கதிரூட்டி, நிறம் நிலைப்பட வழக்கமாக ஒரு நாள் விட்டுவைத்து, ஸ்கேனரில் சிவப்பு நிறப் பகுதியை மட்டும் எடுத்து, தெரிந்த அளவு கதிரூட்டிய துண்டுகளோடு ஒப்பிட்டால் ஏற்ற கதிர் அளவுக்கான அலகாகிய கிரே கணக்கில் விடை கிடைத்துவிடும். இங்கே நிறம் ஏறத்தான் செய்கிறது. ஆனால் மருத்துவக் கருவிகளைக் காமாக் கதிரால் கிருமிநீக்கம் செய்யும் ஆலைகளில், 25 கிலோகிரே போன்ற பெரிய அளவுகளை அளக்க வைக்கும் சிவப்பு அக்ரிலிக் வில்லைக்குத் தொடக்கத்திலேயே நிறம் இருக்கிறது, அது கருக்கிறது. இரண்டையும் ‘மாறி’ தாங்கும்.

அதே ஆலைகளில் பெட்டிமேல் ஒட்டும் வில்லை, மஞ்சளிலிருந்து சிவப்பாகி, பெட்டி கதிரூட்டப்பட்டதா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு ‘கதிர்நிறங்காட்டி’ என்றும், அளவிட உதவுவதற்குக் ‘கதிர்நிற அளவி’ என்றும் பிரித்துவிட்டால் நல்லது. உடலோ பொருளோ ஏற்கும் கதிர் அளவை ‘மருந்தளவு’ என்று எழுதும் வழக்கத்தையும் இத்தோடு விட்டுவிட வேண்டும், ‘ஏற்பளவு’ போதும்.

சொல்லைவிட, அதோடு சேர்த்துப் பதியும் விளக்கக் குறிப்பில்தான் எனக்குக் கவலை அதிகம். ‘கதிர்வீச்சைக் காட்டும் தாள்’ என்று மொட்டையாக எழுதினால், அதைக் கடற்கரை மணலில் வைத்துப் பார்க்க இங்கே பலருக்கும் தோன்றும். மணலிலிருந்து ஆண்டுக்கு 20 மில்லிகிரே வருவதாகவே வைத்துக்கொண்டாலும், சிகிச்சையில் ஒருநாள் வழக்கமாகத் தரும் 2 கிரேயை எட்ட 100 ஆண்டுகள் ஆகும். தாளில் ஒன்றும் தெரியாது. அதைவிடச் சங்கடம், வெயிலில் நெடுநேரம் கிடந்தால் புறஊதாக் கதிராலேயே டைஅசெட்டிலீன் நீலமாகத் தொடங்கும். பழி மணல்மேல் விழும். கதிர்வீச்சுப் பணியாளர் சட்டையில் அணியும் அட்டையிலிருக்கும் கால்சியம் சல்பேட் வில்லைதான் மில்லிகிரே அளவுகளுக்கு ஏற்றது. அது சூடாக்கினால் ஒளிரும், நிறம் மாறாது. ஆகையால் குறிப்பில் ‘உயர் ஏற்பளவுகளுக்கு உரியது, வெயில் படாமல் வைக்க வேண்டியது’ என்ற இரண்டையும் சேர்த்தே பதிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.