பொருளாதாரம் படித்தவளுக்குப் புள்ளியியல் அலுவலகத்தில் வழி உண்டா?

வணக்கம். எனக்கு முக்கூடல். பாளையங்கோட்டையில் எம்.ஏ. பொருளாதாரம் முடித்திருக்கிறேன். போன மாதம் தொழிலாளர் கணக்கெடுப்புக்கு டேப்லெட்டோடு ஒருவர் வந்தார். அம்மா மடியில் சுளவு (முறம்) நிறைய பீடி இலையும் தூளும். அவளோ, "சும்மா வீட்டுலதான் இருக்கேன்" என்கிறாள்! அவர் விடாமல் கேட்டு, சுயதொழில் என்று பதிந்துகொண்டார். அன்றிலிருந்து எனக்கு இந்த வேலைமேல்தான் கண்.

யுபிஎஸ்சி நடத்தும் ஐஎஸ்எஸ் (இந்தியப் புள்ளியியல் பணி) தேர்வுக்குப் பட்டத்திலோ முதுநிலையிலோ புள்ளியியல் படித்திருக்க வேண்டுமாம். நான் படிக்கவில்லை. சரி, ஐஇஎஸ் (இந்தியப் பொருளாதாரப் பணி) எழுதலாம், 30 வயது வரை. அதில் தேறினால் கணக்கெடுப்புப் பக்கம் வர முடியுமா, அமைச்சகங்களிலேயே போட்டுவிடுவார்களா? அப்புறம், நெல்லை, தென்காசிப் பக்கம் எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத் தரவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராயும் பாடம்) சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்களா? எழுதிய அண்ணாச்சி, அக்காமார் யாராவது சொல்லுங்களேன்.