புதுப்பிப்பு: யோவான் சுவிசேஷம் 21-இல் வரும் இரு கிரேக்க வினைச்சொற்கள்

சென்ற மாதம் இங்கே, யோவான் 21:15-17-இல் இயேசு முதல் இரண்டு முறை ‘அகபாவோ’ என்ற வினையாலும் மூன்றாம் முறை ‘ஃபிலேயோ’ என்ற வினையாலும் தம்மிடம் அன்பு உண்டா என்று சீஷனான பேதுருவைக் கேட்பதால், முன்னது தெய்வீக அன்பு, பின்னது வெறும் நட்பு என்று எழுதியிருந்தேன். நம் பழைய திருப்புதலும் (தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு) ‘அன்பாயிருக்கிறாயா’, ‘நேசிக்கிறாயா’ என்று பிரித்தே தருவதைச் சான்றாகவும் காட்டியிருந்தேன். அந்த முடிவைத் திருத்திக்கொள்கிறேன்.

இறையியல் கல்லூரியில் எங்கள் கிரேக்க ஆசிரியர் மறுப்பேதும் சொல்லாமல், சொல்லடைவை (ஒவ்வொரு சொல்லும் வேதாகமத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் நூலை) என் பக்கம் நகர்த்தி வைத்தார். பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார் என்பதற்கு யோவான் 3:35-இல் ‘அகபாவோ’ வருகிறது. அதே கருத்துக்கு 5:20-இல் ‘ஃபிலேயோ’ வருகிறது. இயேசுவுக்கு அன்பான சீஷனைக் குறிக்கும் 13:23-க்கும் 20:2-க்கும் இடையே இதே மாற்றம் உண்டு. இவற்றைவிட என்னை உலுக்கியது பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்த்: 2 சாமுவேல் 13-இல் தாமாரைக் கெடுத்த அம்னோனின் வேட்கைக்கும் அங்கே ‘அகபாவோ’தான்! தெய்வீக அன்பு என்ற என் விளக்கம் அங்கேயே உடைந்துவிட்டது.

மேலும், யோவான் 21-இன் அந்த மூன்று வசனங்களுக்குள்ளேயே, இயேசு பேதுருவை மேய்க்கச் சொல்லும்போது, ஆட்டுக்குட்டிகளும் ஆடுகளும் மாறி வருகின்றன. மேய்த்தலுக்கு இரண்டு வினைகள். 17-ஆம் வசனத்தில் அறிதலுக்கும் ‘ஓய்தா’, ‘கினோஸ்கோ’ என இரண்டு. இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பொருள் தேடாத நான், அன்புக்கு மட்டும் தேடியது ஏன் என்ற கேள்விக்கு என்னிடம் விடையில்லை.