இரவானால் காணாமல் போகும் ஜிக்பீ சென்ஸர்கள் (கந்தப்பளை, பொலித்தீன் கூடாரம்)

கரட்_தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். நுவரெலியாவுக்குப் பக்கத்தில், கந்தப்பளையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தட்டு கீழே இருக்கிற காணியில் அப்பா பொலித்தீன் கூடாரம் போட்டு பெல் பெப்பர் வைத்திருக்கிறார். நான் கிழமை நாட்களில் கொழும்பில் வேலை. அங்கிருந்தே கூடாரத்தின் சூட்டையும் ஈரப்பதத்தையும் மண் ஈரத்தையும் பார்க்கவும், தேவைப்பட்டால் தண்ணீர் மோட்டரை ஓடவிடவும் ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுச் சாதனங்களைப் பார்த்து இயக்கும் மென்பொருள்) வைத்து ஓர் ஏற்பாடு செய்து கொடுத்தேன்.

இருக்கிற சாமான்கள்: ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கொம்பியூட்டர், அதில் யூஎஸ்பி வழியாக ஓர் எஸ்எஸ்டி (தகவல் சேமிக்கும் டிஸ்க்), பக்கத்து ஓட்டையில் சிசி2652 சிப் உள்ள ஜிக்பீ டொங்கிள் (சென்ஸர்களோடு ரேடியோவில் பேசும் குச்சி). டொங்கிளை ஹோம் அசிஸ்டன்டோடு சேர்க்கும் மென்பொருள் ஜிக்பீ2எம்கியூடிடி, ஜிக்பீ சனல் 11, அதை நான் மாற்றவே இல்லை. பையும் 4ஜி வைஃபை ரவுட்டரும் முன் அறை அலுமாரிக்கு மேலே ஒன்றாகத்தான் இருக்கின்றன. கூடாரம் அங்கிருந்து ஒரு 25 மீற்றர் இருக்கும், நடுவில் பழைய கருங்கல் சுவர் ஒன்று, தகரக் கூரை. கூடாரத்துக்குள் பெட்டரியில் ஓடும் ஐந்து வெப்பநிலை சென்ஸர், இரண்டு மண் ஈர சென்ஸர், மோட்டரைப் போட்டு நிறுத்த ஒரு ஜிக்பீ ரிலே சுவிட்ச். வீட்டு ஸ்டோர் கதவில் இன்னொரு சென்ஸர்.

பகலில் எல்லாம் ஒழுங்காக வருகிறது. இரவு எட்டு, எட்டரைக்குப் பிறகு கூடாரத்து சென்ஸர்கள் ஒவ்வொன்றாக நின்றுவிடும், வரைபடத்தில் நேர்கோடு மட்டும் ஓடும், ரிலே ஓஃப்லைன் என்று காட்டும். விடிந்தபின் சில தானாக வரும், சில வராது. வராததற்கு அப்பாவிடம் போனில் சொல்லி பெட்டரியைக் கழற்றிப் போடச் சொல்ல வேண்டியிருக்கிறது, அவருக்கும் அலுத்துவிட்டது. பதிவில் இரவில் 233, 205 என்று பிழைகள் நிறைய; பகலிலும் இடைக்கிடை 225 வருகிறது. பனிமூட்டம் இறங்குகிற நேரமும் இதுவும் ஒன்றாக இருப்பதால் பனிதான் சிக்னலை மறிக்கிறது என்று நினைக்கிறேன். பெரிய அன்டெனா உள்ள டொங்கிள் வாங்கினால் சரிவருமா?

ராகலை_பொடியன்:

அண்ணே பனிதான், சந்தேகமே வேண்டாம். எங்கள் பக்கம் மழை நாளில் டிஷ் டிவியே வராது. பெரிய அன்டெனா போடுங்கள்.

ஊவாக்_காற்று:

தம்பி, காசைக் கையில் வைத்திருங்கள், டொங்கிள் வாங்க அவசரமில்லை. டிஷ் டிவி மழையில் போவது உண்மை, ஆனால் அது 10 கிகாஹேர்ட்ஸுக்கும் மேலே ஓடுகிற சிக்னல், அதுவும் வானத்திலிருந்து வருகிறது. ஜிக்பீ 2.4 கிகாஹேர்ட்ஸ். அந்த அலைவரிசையில் அடைமழைக்குள் ஒரு கிலோமீற்றர் போனாலும் மழையால் மட்டும் வரும் இழப்பு ஒரு டெசிபெலைத் தொடாது, உங்களுக்கோ 25 மீற்றர்தான். பனிமூட்டம் அதைவிட லேசானது. நனைந்த இலை வேறு கதை: இலைக்குள் இருக்கிற தண்ணீரும் மேலே ஒட்டியிருக்கிற தண்ணீரும் 2.4 கிகாஹேர்ட்ஸை நன்றாகவே உறிஞ்சும். செடி முழங்கால் உயரத்தில் இருந்தபோது பொருத்திய சென்ஸர், செடி ஆள் உயரம் வந்தபின் இலைகளுக்கு நடுவே புதைந்துபோயிருக்கும். அதைச் செடிக்கு மேலே, கூரைக் குழாயில் தொங்கவிடுங்கள், ஆனால் ஜிஐ குழாயோடு ஒட்டிவிடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டு.

உங்கள் பதிவில் எனக்குப் பிடித்தது அந்த எண்கள்தான், நிறையப் பேர் அதைப் போடாமல் "வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதுவார்கள். 225 என்றால் டொங்கிள் பேச வாயெடுக்கும்போதெல்லாம் அந்த சனலில் வேறு யாரோ சத்தம் போடுகிறார்கள், அதனால் அனுப்பவே முடியவில்லை என்று அர்த்தம். 233 என்றால் அனுப்பியாயிற்று, அந்தப் பக்கத்திலிருந்து "கிடைத்தது" என்ற பதில் வரவில்லை. 205 என்றால் அந்தச் சாதனத்துக்குப் போக வழியே தெரியவில்லை. ஆக உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை இல்லை, இரண்டு.

225ஐ முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். பை 4இல் நீல நிற ஓட்டைகள் யூஎஸ்பி 3, கறுப்பு யூஎஸ்பி 2. யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளம்பும், இன்டெல் நிறுவனமே 2012இல் இதைப் பற்றி ஓர் அறிக்கை போட்டிருக்கிறது. உங்கள் எஸ்எஸ்டி டொங்கிளுக்கு ஒட்டினாற்போல இருக்கிறது. ஒரு மீற்றருக்குக் குறையாத யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கி, டொங்கிளைக் கறுப்பு ஓட்டையில் கொடுத்து, எஸ்எஸ்டி, பை, வைஃபை ரவுட்டர் மூன்றையும் விட்டுத் தூரமாக, கூடாரத்தைப் பார்க்கிற ஜன்னல் பக்கம் தொங்கவிடுங்கள். பெரிய அன்டெனாவைவிட இந்த வயர் செய்யும் உபகாரம் பெரிது, விலையும் அதில் ஒரு துளி.

அடுத்தது வைஃபை. ஜிக்பீ 11 என்பது 2405 மெகாஹேர்ட்ஸ். வைஃபை சனல் 1 2412ஐ நடுவாக வைத்து இருபக்கமும் பரவுவதால் உங்கள் ஜிக்பீ நேராக அதற்குள் விழுகிறது. வைஃபை 11 என்பதோ 2462, எண் ஒன்றாக இருந்தாலும் இடம் வேறு. ரவுட்டர் "ஓட்டோ"வில் இருந்தால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் ஒரு சனலைத் தானாகப் பிடிக்கும், ஒரு கிழமை நன்றாக இருந்து அடுத்த கிழமை கெடுவது அதனால்கூட இருக்கலாம். ஜிக்பீ சனலை மாற்றச் சொல்லிப் பலர் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன்; மாற்றினால் தூங்குகிற பெட்டரி சென்ஸர்களில் சில பின்னால் வராது, அவற்றைத் திரும்ப இணைக்க வேண்டிவரும், அதுவும் கொழும்பிலிருந்து. வைஃபையை 11இல் நிலையாக வைத்து அகலத்தை 20 மெகாஹேர்ட்ஸ் ஆக்குங்கள், ஜிக்பீயைத் தொடவே வேண்டாம்.

கொழுந்து_மலை:

ஊவா அண்ணா சொன்னதெல்லாம் சரி, ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. ரிலே பெட்டரியில் ஓடுவதில்லையே, லைனில் ஓடுவதுதானே? அப்படியானால் கூடாரத்துக்குள் இருக்கிற ஒரே ஜிக்பீ ரவுட்டர் (வைஃபை ரவுட்டர் இல்லை, மற்றச் சாதனங்களின் தகவலைக் கடத்திவிடும் சாதனம்) அதுதான், சென்ஸர்கள் எல்லாம் அதன் வழியாகத்தான் வீட்டுக்குப் பேசும். ரவுட்டர் ஆகக்கூடிய வேறு எதையும் நீங்கள் சொல்லவில்லை, பெட்டரி சென்ஸர்கள் ஒன்றுக்கொன்று தகவல் கடத்தாது. அது தினமும் ஒரே நேரத்தில் போய் விடிந்தால் வருகிறதென்றால் அந்த லைனை யாரோ ஓஃப் செய்கிறார்கள். வீட்டில் கேட்டுப் பார்த்தீர்களா?

நான் ஹட்டன். எங்கள் வீட்டில் படுக்கப் போகுமுன் எல்லா பிளக் பொயிண்டையும் தட்டிவிட்டுத்தான் போவார்கள், ஐப்பசி மாத இடிமின்னல் காலத்தில் வயரையும் சேர்த்துக் கழற்றிவிடுவார்கள்.

கரட்_தோட்டம்:

அக்கா, இப்போதுதான் வீட்டுக்கு எடுத்தேன். அம்மாதான். சாப்பாடு முடிந்ததும் பின்கதவைப் பூட்டும்போது வெளியே போகிற லைனின் சுவிட்சையும் ஓஃப் செய்துவிடுவாராம், ஈரத்தில் மோட்டர் கிடக்கிறது, இரவில் கரண்ட் எதற்கு என்று. காலையில் அப்பா தேத்தண்ணீர் குடித்துவிட்டு இறங்கும்போது போடுவார். ஜிக்பீ2எம்கியூடிடியின் வரைபடத்தையும் பார்த்தேன்: ஐந்து வெப்பநிலை சென்ஸரில் நான்கு ரிலேயில் தொங்குகின்றன, மண் சென்ஸர் இரண்டும் அப்படியே. ஒன்று மட்டும் நேராக டொங்கிளுக்கு வருகிறது, அதன் இணைப்புத் தரம் 255இல் 20ஐ ஒட்டித்தான்.

அம்மாவை ஓஃப் செய்ய வேண்டாம் என்று சொல்லவா?

ஊவாக்_காற்று:

சொல்லாதீர்கள். ஈரத்தில் கிடக்கிற மோட்டருக்கு இரவில் மின்சாரம் தேவையில்லை, இடிமின்னலில் வெளி லைன் வழியாக வருவது வீட்டு உள்ளே இருக்கிற சாமானையும் சேர்த்துத்தான் கொண்டுபோகும். அம்மா செய்வதை அப்படியே விட்டுவிட்டு, அந்த லைனை நம்பாத இன்னொரு ஜிக்பீ ரவுட்டரை வையுங்கள்.

கொழுந்து சொன்னதை நான் அந்த 205இலேயே பிடித்திருக்கலாம், எண்களில் மூழ்கிவிட்டேன். சரி. ரவுட்டர் எங்கே என்பதுதான் விஷயம்: வீட்டின் பின்பக்கம், கருங்கல் சுவரைத் தாண்டி, கூரைத் தகரத்துக்குக் கீழே கூடாரம் கண்ணில் படுகிற இடமாகப் பாருங்கள், மின்சாரம் வீட்டு உள் லைனிலிருந்து. ஸ்மார்ட் பல்பு வேண்டாம், சுவரிலுள்ள சுவிட்சை யாராவது தட்டினால் இதே கதைதான். ஸ்மார்ட் பிளக் ஆகும், ஆனால் இங்கே சுவரில் உள்ள பொயிண்டிலேயே சுவிட்ச் இருக்கிறதே, அதிலும் கை போகும். என் யோசனை வேறு. இன்னொரு சிசி2652 டொங்கிளுக்கு ரவுட்டர் ஃபேர்ம்வெயார் (சாதனத்துக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) ஏற்றினால் அது கொம்பியூட்டர் எதுவும் இல்லாமல் வெறும் 5 வோல்ட்டில் ரவுட்டராக ஓடும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போனபோது பாதி ஊர் வைஃபைக்கு மினி யூபிஎஸ் வாங்கியது, உங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கும். அதில் யூஎஸ்பி ஓட்டை இருந்தால் அதிலேயே கொடுங்கள். கரண்ட் போனாலும் ரவுட்டர் நிற்காது.

கொழுந்து_மலை:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். புது ரவுட்டரை வைத்த மாத்திரத்தில் சென்ஸர்கள் தாவி வந்து அதில் ஒட்டாது. சில சாதனங்கள் பழைய பெற்றோரை, அதாவது முன்பு ஒட்டியிருந்த ரவுட்டரை, காணாவிட்டாலும் வேறு ஒன்றைத் தேடாமல் அப்படியே கிடக்கும், உங்கள் அப்பா பெட்டரி கழற்றிப் போடுகிறாரே, அது இதுதான். ரிலேயின் லைனை ஓஃப் செய்துவிட்டு, ஜிக்பீ2எம்கியூடிடியில் இணைக்க அனுமதிக்கும் பொத்தானுக்குப் பக்கத்தில் எந்தச் சாதனம் வழியாக என்று தெரிவு செய்யலாம், அங்கே புது ரவுட்டரை மட்டும் தெரிவு செய்து, சென்ஸரை அது இருக்கப் போகிற இடத்திலேயே வைத்து இணையுங்கள். அலுமாரிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து இணைத்துவிட்டுத் திரும்பக் கூடாரத்துக்குக் கொண்டுபோனால் அது டொங்கிளையே பிடித்துக்கொண்டு நிற்கும். பழைய பதிவை அழிக்க வேண்டாம், அழிக்காமல் இணைத்தால் பெயரும் வரலாறும் அப்படியே இருக்கும்.

அப்புறம் நேர்கோடு எல்லாமே காணாமல் போனது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இந்த சென்ஸர்கள் மதிப்பு மாறினால்தான் உடனே சொல்லும், மாறாவிட்டால் நீண்ட இடைவெளி விட்டுத்தான் சொல்லும். இரவில் கூடாரத்துக்குள் ஈரப்பதம் உச்சத்தில் போய் அங்கேயே நிற்கும், சொல்ல அதற்கு ஒன்றும் இருக்காது. கோட்டைப் பார்க்காமல் "கடைசியாகப் பார்த்தது" என்ற நேரத்தைப் பாருங்கள். பெட்டரிச் சாதனத்தை ஓஃப்லைன் என்று அறிவிக்க ஜிக்பீ2எம்கியூடிடி இயல்பாக 25 மணித்தியாலம் காத்திருக்கும், லைனில் ஓடுவதற்கு 10 நிமிடம். ரிலே மட்டும் உடனே ஓஃப்லைன் காட்டி மற்றவை நல்லதுபோல நிற்பதும் அதனால்தான்.

கரட்_தோட்டம்:

சனிக்கிழமை வீட்டுக்குப் போய் எல்லாம் செய்தேன். நீட்டிப்பு வயர் போட்டு வைஃபையை 11இல் நிறுத்தியதும் 225 ஒன்றுகூட வரவில்லை. பின்பக்க ரவுட்டர் மினி யூபிஎஸ்ஸில் ஓடுகிறது, கூடாரத்து சென்ஸர்கள் இரவு முழுதும் வருகின்றன. அம்மா வழக்கம்போல லைனை ஓஃப் செய்கிறார், ரிலே மட்டும் போகிறது, அது பரவாயில்லை, அதைக் கணக்கில் எடுத்து இரவில் தண்ணீர் விடும் ஓட்டோமேஷனை நிறுத்திவிட்டேன். ஸ்டோர் கதவு சென்ஸர் மட்டும் விடியற்காலையில் போய் ஒன்பது மணிக்கு வருகிறது. அதற்கும் டொங்கிளுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

ஊவாக்_காற்று:

சிஆர்2032 நாணய பெட்டரியா? அப்படியென்றால் குளிர். உங்கள் ஊர் நுவரெலியாவைப்போல 1,800 மீற்றருக்கு மேலே, விடியற்காலைக் குளிரில் நாணய பெட்டரியின் உள்தடை ஏறிவிடும், சென்ஸர் ரேடியோவை இயக்கும் அந்தக் கணத்தில் வோல்ட் சட்டென்று விழும். வெயில் ஏறினால் திரும்பி வரும். ஹோம் அசிஸ்டன்ட் காட்டும் சதவீதத்தை நம்பாமல் பெட்டரியை மாற்றிப் பாருங்கள், ஐந்து ஒன்றாக அட்டையில் வருகிற மலிவான சரக்கு வேண்டாம். புதிதும் அதே நேரத்தில் போனால் அந்த நேரத்துப் பதிவை இங்கே போடுங்கள், பார்ப்போம்.